ரெண்டு இன்ச் குறைச்சா போதும்னு நினைச்சேன்!

என் உயரம் ஐந்தடி ஒரு இன்ச். அப்பாவின் உயரம் ஐந்தடி ஒன்பது இன்ச். இந்த எட்டு இன்ச் வித்தியாசம் எங்கள் வீட்டில் ஒரு பிரச்னையாக இருந்ததே இல்லை, அப்பாவின் புல்லட்டை நான் ஓட்ட ஆசைப்படும் வரை.

புல்லட் என்று நாங்கள் சொல்வதுதான். ஆர்.சி. புத்தகத்தில் அது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அப்பா 2013-ல் புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. திருவொற்றியூரில் மட்டுமே வண்டி செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனி, ஒரகடத்தில் புது தொழிற்சாலையைத் திறந்ததும் அதே வருடம்தான். ஒரகடம் பக்கம் இன்னொரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்த்த அப்பாவுக்கு, ‘நம்ம ஊர்ல செய்ற வண்டி’ என்பதில் அவ்வளவு பெருமை. குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் விடிகாலை ஐந்து மணிக்கு அந்த ‘டப் டப்’ கேட்டால், பக்கத்துத் தெருவில் பால் வாங்கப் புறப்படுவார்கள்.

முழங்கால் தேய்ந்து, ஆபரேஷன் முடிந்து, அப்பா வேலையை விட்டார். வண்டி படுதாவுக்குள் போனது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். “நான் ஓட்டறேன்ப்பா” என்றேன். “ஓட்டு. கால் எட்டுதா பாரு” என்றார். எட்டவில்லை. 190 கிலோவை ஒட்டிய வண்டியில் உட்கார்ந்து, ரெண்டு கால் கட்டைவிரலால் தரையைத் தேடுவது எப்படி இருக்கும் என்று உயரமானவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சிக்னலில் நின்றால், எந்தப் பக்கம் விழப்போகிறோம் என்பது ஒன்றே கேள்வி.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் டிஜிட்டல் டெஸ்கில் வேலை பார்க்கிறேன். புது பைக் அறிமுகமானால், ‘வீல்பேஸ் இவ்வளவு மி.மீ., சஸ்பென்ஷன் டிராவல் இவ்வளவு மி.மீ.’ என்று பதினைந்து நிமிடத்தில் செய்தி தட்டிவிடுவேன். இதழியல் டிப்ளமோவில் வேகமாக எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த எண்களுக்கு அர்த்தம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன தடவை சர்வீஸ் விட்ட இடத்தில் என் பிரச்னையைச் சொன்னேன். “இதெல்லாம் ஒரு மேட்டரா பாப்பா? பின்னாடி ஷாக்கப்பை மாத்திட்டா ஒண்ணரை, ரெண்டு இன்ச் இறங்கிடும். சின்ன வண்டி ஷாக்கப் ஒண்ணு இருக்கு, போட்டுத் தரேன்” என்றார் மெக்கானிக். கழற்றிய பழைய ஷாக் அப்சர்பர்களை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாகக் கூலியில் கொஞ்சம் குறைத்தார். லாபம் என்று நினைத்தேன். அவரைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நான் கேட்டதை அவர் செய்தார். என்ன கேட்கிறேன் என்று எனக்குத்தான் தெரியவில்லை.

கால் எட்டியது! அன்று மாலை செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். மறுநாள் காலையில் வண்டி தரையில் படுத்துக் கிடந்தது.

காரணம் சைடு ஸ்டாண்ட். வண்டியின் உயரம் குறைந்துவிட்டது, ஸ்டாண்டின் நீளம் அப்படியே இருக்கிறது. முன்பு இடது பக்கம் நன்றாகச் சாய்ந்து நின்ற வண்டி, இப்போது கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. வாசல் தரை லேசாக வலது பக்கம் சரிவு. நாய் உரசியதோ, காற்று தள்ளியதோ, வண்டி வலது பக்கம் விழுந்துவிட்டது. ஸ்டாண்டை அரை இன்ச் அறுத்து வெல்டிங் வைத்தேன். ஒரு மாற்றத்துக்கு இன்னொரு மாற்றம் தேவைப்பட்டது அதுதான் முதல் தடவை.

பிறகுதான் ஹெட்லைட். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தால் முகம் மேலே தூக்கும் இல்லையா? வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருகிறவர் கண்ணில் விழுந்தது. லாரி டிரைவர்கள் எனக்கு டிப் அடித்துக்கொண்டே போனார்கள். ஹேண்டில்பாரும் முன்பு மாதிரி இல்லை. திருப்பத்தில் வண்டி சோம்பேறித்தனமாகத் திரும்பியது. மெதுவாகப் போகும்போது ஹேண்டில் ஒரு பக்கமாகத் தொங்கி விழுகிற மாதிரி இருந்தது.

“பின்னாடி இறக்கிட்டீங்க, முன்னாடி இறக்கலையே! முன் வீலை 17 இன்ச் ஆக்கிட்டா பேலன்ஸ் ஆயிடும்” என்றான் ஆபீஸில் ஒரு நண்பன். அவனும் என்னை மாதிரி வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டவன்தான். கிளாசிக்கின் முன் சக்கரம் 19 இன்ச், பின் சக்கரம் 18. ஒரு சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போய் 17 இன்ச் ரிம் வாங்கி, அதே ஹப்பில் ஸ்போக் கோத்து, கொஞ்சம் அகலமான டயர் போட்டோம். பார்க்க அம்சமாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஹேண்டில் சட்டென்று லேசாகிவிட்டது. மூன்றாம் கட்டளை நெரிசலில் ஸ்கூட்டி மாதிரி நுழைந்து வெளியே வந்தேன். மைலேஜும் கூடியது. லிட்டருக்கு 38 கிலோமீட்டர்! அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

லேசானதன் இன்னொரு முகத்தை அவுட்டர் ரிங் ரோட்டில் பார்த்தேன். ஸ்பீடோமீட்டர் 80 காட்டியது. பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி கடந்தது. அந்தக் காற்றில் ஹேண்டில் கைக்குள் நடுங்கியது. இரண்டு வினாடிதான் இருக்கும். ஆனால், வண்டி எனக்குச் சொந்தமானதில்லை என்று தோன்றிய இரண்டு வினாடி அது. டயரில் காற்று குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை.

2024 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறார். வருடம் முழுக்க ஃபால்ஸ் அடிப்பதும் ஓரம் மடிப்பதுமாக ஓடும். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம்தான் வருமானம். கட்டில் முழுக்க பிளவுஸ் துணி, ஒவ்வொன்றிலும் பேரெழுதிய துண்டுக் காகிதம். அன்று சாயங்காலம், “ஒரு எட்டு முருகனைப் பார்த்துட்டு வந்துடலாம்டி, அப்புறம் நேரம் கிடைக்காது” என்றார். குன்றத்தூர்க்காரர்களுக்கு மலை முருகன் வீட்டுப் பெரியவர் மாதிரி. எதையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்போம்.

தரிசனம் முடிந்து திரும்பும்போது இருட்டிவிட்டது. எங்கள் தெருவுக்கு முந்தைய தெருவில் ஒரு ஸ்பீடு பிரேக்கர். வெள்ளைக் கோடு கிடையாது. யாரோ ராத்திரியோடு ராத்திரியாக சிமென்ட் கொட்டிச் செய்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஸ்பீடு பிரேக்கர்தான். ஆனால், என் ஹெட்லைட் மாமரத்தின் உச்சிக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தது. எதிரே தண்ணி லாரி வேறு. பார்த்தபோது முன் சக்கரம் ஏறிவிட்டது.

முதலில் அடியில் இரும்பு உரசும் சத்தம். அடுத்த நொடி ‘டொம்’ என்று ஒரு இடி. பின் டயர் மட்கார்டில் மோதிய சத்தம் அது. அம்மா கத்தவில்லை. என் தோளைப் பிடித்திருந்த கை மட்டும் இறுகியது. “என்னம்மா, அடிபட்டுச்சா?” என்றேன். “ஒண்ணுமில்ல, நீ போ” என்றார்.

மறுநாள் காலையில் அம்மாவால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். எலும்புக்கு ஒன்றும் இல்லை, முதுகுத் தசையில்தான் அடி, மூன்று வாரம் குனியக் கூடாது, தொடர்ந்து உட்காரக் கூடாது என்றார் டாக்டர். மூன்று வாரம்! தையல்காரிக்கு, தீபாவளிக்கு முன்னால். கட்டிலில் இருந்த துணிகளை மூட்டை கட்டி, ஒவ்வொரு வீடாகப் போய் நான்தான் திருப்பிக் கொடுத்தேன். “உடம்பு தேறட்டும், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றார்கள். சிலர் முகத்தில் கவலை, சிலர் முகத்தில் ‘இப்ப யார்கிட்ட கொடுக்கறது’ என்ற எரிச்சல். இரண்டும் நியாயம்தான்.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது. அன்று ராத்திரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பழைய ஷாக்கப் எங்கம்மா வெச்சிருக்க?” என்று மட்டும் கேட்டார். கூலியில் கழித்துக்கொண்டதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் தெருவிலேயே ஒரு அண்ணா இருக்கிறார். ஒரகடத்தில் வாகன உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டு வண்டியைக் காட்டினேன். ரெண்டு சுற்று சுற்றி வந்தார். “எவ்ளோ கொடுத்த இதுக்கு?” என்றார். சொன்னேன். “காசு கொடுத்து வண்டியக் கெடுத்திருக்க” என்றார். பிறகு சாக்பீஸ் கேட்டார்.

எங்கள் வீட்டு வாசல் சிமென்ட் தரையில் அவர் வரைந்ததை நான் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். முன் ஃபோர்க் செங்குத்தாக இல்லை, சாய்வாக இருக்கிறது. ஹேண்டில் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்தச் சாய்வான கோட்டை அப்படியே தரை வரை நீட்டினால் ஒரு புள்ளியில் தொடும். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர்கீழே ஒரு கோடு போட்டால், டயர் தரையைத் தொடும் இடம் வரும். இந்த இரண்டாவது புள்ளி, முதல் புள்ளிக்குச் சில இன்ச் பின்னால் இருக்கும். அந்த இடைவெளிக்குப் பெயர் டிரெயில்.

“சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி பார்த்திருக்கல்ல? அதோட சின்னச் சக்கரம் எப்பவும் பின்னாடி போய் நிக்கும். நீ எப்படித் திருப்பி வெச்சாலும், தள்ள ஆரம்பிச்சதும் தானா நேராயிடும். பைக்கோட முன் சக்கரமும் அதே மாதிரிதான். டிரெயில்தான் அதை நேரா இழுத்துப் பிடிக்குது. அது அதிகமானா வண்டி நேர்கோட்டுல கல்லு மாதிரி போகும், ஆனா திரும்ப அடம் பிடிக்கும். குறைஞ்சா சட்டுனு திரும்பும், ஆனா வேகத்துல பயப்படும்.”

நான் நோட்டை எடுத்துவந்து கணக்குப் போட்டேன். டயரின் பக்கவாட்டில் 90/90-19 என்று இருந்தால், அகலம் 90 மி.மீ., அதில் 90 சதவிகிதம், அதாவது 81 மி.மீ., டயரின் உயரம், ரிம் 19 இன்ச் என்று அர்த்தம். கூட்டிப் பார்த்தால் பழைய முன் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 645 மி.மீ. நான் போட்ட 100/80-17 டயருக்கு 592 மி.மீ. சக்கரத்தின் நடுப்புள்ளி 26 மி.மீ. கீழே வந்துவிட்டது. ரிம்மில் ‘ரெண்டு இன்ச்’ என்று சொல்கிறோமே தவிர, வண்டி இறங்குவது அதில் பாதிதான். ஃபோர்க்கின் சாய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால், டிரெயில் ஏறக்குறைய ஒன்றே கால் சென்டிமீட்டர் குறையும் என்றார் அண்ணா.

“ஒண்ணே கால் சென்டிமீட்டர்தானே?” என்றேன்.

“இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ரேஸ் பசங்க ஃபோர்க்கை கிளாம்ப்ல அஞ்சு மில்லிமீட்டர் ஏத்தி இறக்கிட்டு, ‘வண்டி வேற மாதிரி ஆயிடுச்சு’ம்பாங்க. நீ அவங்களவிட ரெண்டு மடங்குக்கு மேல விளையாடியிருக்க” என்றார். 1990-ல் திறந்த அந்த ரேஸ் டிராக் எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர்தான். நான் இதுவரை உள்ளே போனதில்லை.

பின்பக்கத்துக்கும் இதே கணக்கு. வண்டியின் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கரங்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், சுமார் 1,370 மி.மீ. பின்னால் 40 மி.மீ. இறக்கினால் மொத்த வண்டியும் 1.7 டிகிரி அண்ணாந்து பார்க்கிறது. ஃபோர்க்கும் அவ்வளவு சாய்ந்துவிடும், டிரெயில் கூடிவிடும். முதல் மாதத்தில் ஹேண்டில் சோம்பேறியானது அதனால்தான். பிறகு முன் சக்கரத்தைச் சின்னதாக்கியபோது சாய்வு ஓரளவு திரும்பி வந்தது. ஆனால், டிரெயில் பழைய அளவையும் தாண்டிக் குறைந்துவிட்டது. நண்பன் சொன்ன ‘பேலன்ஸ்’ அதுதான். எங்கள் காலனிப் பையன்கள் பின்பக்கம் நீளமான ஷாக் அப்சர்பர் போட்டு வாலைத் தூக்கி ஓட்டுகிறார்களே, அவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். ஃபோர்க் நிமிர்ந்துகொள்ளும், டிரெயில் குறையும், வண்டி துள்ளும். பின்னால் தடி டயர் போடுகிறவர்கள் கதை வேறு. அதே திருப்பத்தை அதே வேகத்தில் எடுக்க, அகலமான டயருக்கு வண்டியை இன்னும் அதிகம் சாய்க்க வேண்டியிருக்கும். குறுகலான ரிம்மில் அதைப் போட்டால் டயரின் வடிவமே பிதுங்கிவிடும். படத்தில் மட்டும் நன்றாக இருக்கும்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. என் வண்டியில் அது முன் சக்கரத்திலிருந்து கேபிளில் ஓடுகிறது. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகமாகச் சுற்றும். மீட்டர் 80 காட்டியபோது நான் உண்மையில் போனது சுமார் 73. அந்த லிட்டருக்கு 38 கிலோமீட்டரும் உண்மையில் 35-தான். அப்பா சிரித்தது இதற்குத்தான். “பெட்ரோல் டேங்குக்கு வீல் சைஸ் தெரியாதுல்லம்மா” என்றார் பிறகு. ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் இது இன்னும் சிக்கல். இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் ஏ.பி.எஸ். எது வழுக்குகிறது என்று முடிவெடுக்கிறது. ஒன்றின் அளவை மாற்றினால் அதற்குக் கொடுக்கும் தகவலே தப்பு.

அம்மாவின் முதுகு விஷயத்துக்கு வருகிறேன். அதைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஷாக் அப்சர்பரில் இரண்டு வேலை நடக்கிறது. வெளியே இருக்கும் ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. உள்ளே இருக்கும் ஆயில், சின்ன ஓட்டைகள் வழியாகப் போய் வந்து, ஸ்பிரிங் குதித்துக்கொண்டே இருக்காமல் அடக்குகிறது. என் வண்டியின் பழைய ஷாக் அப்சர்பர், பின் சக்கரம் 80 மி.மீ. மேலே கீழே போக இடம் கொடுத்தது. ஆள் உட்கார்ந்ததுமே அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அமுங்குவது சரியான அளவு. மிச்சம் இருப்பது பள்ளத்துக்கும் மேட்டுக்கும். நான் போட்டதோ, வண்டியே 120 கிலோ தாண்டாத சின்ன வண்டிக்குச் செய்தது. நீளமும் குறைவு, ஸ்பிரிங்கும் மெலிது. அண்ணா டேப் பிடித்து அளந்தார். நான் மட்டும் உட்கார்ந்தபோதே பாதி அமுங்கியது. பின்னால் அப்பாவை உட்காரச் சொன்னார். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் நுழையவில்லை.

“அன்னிக்கு நீ ஏறினது ஸ்பீடு பிரேக்கர். அம்மாவுக்குக் கீழ ஸ்பிரிங்கே இல்ல. முழுசா அமுங்கிட்டா, அது இரும்புக் கம்பிதான். ரோட்டுல பட்ட அடி நேரா சீட்டுக்கு வந்திருக்கும். உனக்கு ஏன் ஒண்ணும் ஆகலன்னா, நீ நடுவுல உக்காந்திருந்த. அம்மா உக்காந்தது பின் சக்கரத்து மேல.”

இதைக் கேட்டபோது அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

அடியில் உரசியதற்கும் கணக்கு இருந்தது. கிளாசிக்கின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 135 மி.மீ. முன்னாலும் பின்னாலும் இறக்கியதில் நடுவில் அது நூறுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இந்தியச் சாலைக் கழகத்தின் வழிகாட்டுதலில், வேகத்தடை 10 செ.மீ. உயரம் இருக்கலாம், ஆனால், 3.7 மீட்டர் அகலத்துக்கு மெதுவாக ஏறி இறங்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தெருவில் இருப்பது ஒன்றரை அடி அகலத்தில் ஒரு சுவர்! அதைக் கட்டியவரிடம் எனக்குக் கோபம் உண்டு. ஆனால், பழைய உயரத்தில் அப்பா அதன் மேல் வருடக்கணக்கில் அம்மாவை ஏற்றிப் போயிருக்கிறார்.

அப்படியானால் கம்பெனிகள் மட்டும் எப்படி மாற்றுகின்றன? அதையும் கேட்டேன். ஏனென்றால் 2022 ஆகஸ்ட்டில் ஹன்டர் 350 அறிமுகமான செய்தியை எழுதும்போது, ‘கிளாசிக்கில் இருக்கும் அதே இன்ஜின், ஆனால் 17 இன்ச் வீல்’ என்று நானே தட்டியிருக்கிறேன். புது கிளாசிக், மீட்டியர், ஹன்டர் மூன்றிலும் ஒரே 349 சி.சி. இன்ஜின். கிளாசிக்கில் 19, 18. மீட்டியரில் 19, 17. ஹன்டரில் இரண்டும் 17. மூன்றும் மூன்று விதமாக ஓடும். “அவங்க வீலை மட்டும் மாத்தல. ஃப்ரேம், ஃபோர்க் சாய்வு, ஸ்பிரிங், ஸ்டாண்ட், மீட்டர் எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி திரும்பச் செஞ்சிருக்காங்க” என்றார் அண்ணா. 2022-ல் வந்த ஸ்க்ராம் 411-ம் அப்படித்தான். 2016-ல் வந்த ஹிமாலயனின் 21 இன்ச் முன் சக்கரத்தை 19 ஆக்கியபோது, ஃபோர்க்கின் அசைவையும் 200 மி.மீ.யிலிருந்து 190 ஆக்கினார்கள். கிரவுண்ட் கிளியரன்ஸ் 220-லிருந்து 200 ஆனது. மலைக்கான வண்டியை ஊருக்கான வண்டியாக்க இவ்வளவு வேலை. அப்படியும் எல்லாம் முதல் தடவையே சரியாக அமைந்துவிடுவதில்லை. ஹன்டரின் பின்பக்கம் கட்டையாக இருக்கிறது என்று ஓட்டியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2025-ல் வந்த புது ஹன்டரில் பின் ஸ்பிரிங்கை மாற்றினார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். இந்தத் தடவை அர்த்தம் தெரிந்து எழுதினேன்.

இன்னொன்றும் தெரியாமல்தான் இருந்திருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளா சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில், மாற்றி எழுதப்பட்ட 182-ஏ பிரிவு, இப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நான் செய்தவற்றை எண்ணிப் பார்த்துக்கொண்டேன். நடந்தது பெரிய விபத்தாக இருந்திருந்தால், இன்ஷூரன்ஸில் என்னென்ன கேட்டிருப்பார்கள் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

பழைய ஷாக் அப்சர்பர்களைத் தேடி மெக்கானிக்கிடம் போனேன். எப்போதோ யாருக்கோ போட்டுவிட்டார். புது ஜோடியை ஒரிஜினலாக வாங்கினேன். 19 இன்ச் ரிம்மை அப்பா நான் அறியாமல் மொட்டைமாடியில் கோணி போட்டு மூடி வைத்திருந்தார்! “எப்படியும் கேப்பன்னு தெரியும்” என்றார். திரும்ப ஸ்போக் கோத்து, பெண்டு எடுத்து, அறுத்த ஸ்டாண்டுக்குப் பதில் புது ஸ்டாண்ட் வாங்கி, ஹெட்லைட்டைச் சுவரில் வெளிச்சம் விழவைத்து இறக்கி... மொத்தத்தில் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதி.

அப்போ கால் எட்டுகிறதா என்று கேட்பீர்கள். என் உயரத்தில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சீட்டின் ஸ்பாஞ்சை ஒரு இன்ச் குறைத்து, தொடை வரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒடுக்கினோம். அகலமான சீட் காலை விரித்துவிடுவதால்தான் பாதி உயரம் வீணாகிறது. அது எனக்குத் தெரியவே தெரியாது. பின் ஷாக் அப்சர்பரில் ஐந்து படிகளில் திருகும் வளையம் இருக்கிறது. நான் மட்டும் போகும்போது முதல் படி. அம்மா உட்கார்ந்தால் நான்காவது படி. அதைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடாது. முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பதால், எடை ஏறும்போது வண்டி உட்கார்ந்துவிடாமல் இருக்கும். டூல் கிட்டில் அதற்கென்று வளைந்த ஸ்பேனர் இருந்தது. பதினோரு வருடமாக பிளாஸ்டிக் உறையில் அப்படியே. அப்புறம், கனமான அடிப்பாகம் உள்ள ஷூ. கடைசியாக அப்பா சொல்லிக்கொடுத்த வித்தை: சிக்னலில் ரெண்டு காலையும் ஊன்ற நினைக்காதே, இடுப்பை ஒரு பக்கம் நகர்த்தி இடது காலை மட்டும் முழுசாக ஊன்று, வலது கால் பிரேக்கில் இருக்கட்டும். இதற்குக் காசு செலவே இல்லை. அப்பாவிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம். அவர்தான் ‘கால் எட்டுதா பாரு’ என்று கேட்டாரே தவிர, எட்டாவிட்டால் என்ன செய்வது என்று நான் அவரைக் கேட்கவே இல்லை.

வண்டி சரியான பிறகு ஒரு காலையில் தனியாக அவுட்டர் ரிங் ரோட்டுக்குப் போனேன். ஸ்பீடோமீட்டர் 75. ஒரு கன்டெய்னர் லாரி கடந்தது. ஹேண்டில் அசையவில்லை. எனக்குத்தான் கை வியர்த்திருந்தது.

அம்மா ஐந்தாவது வாரம் மெஷினில் உட்கார்ந்தார். ஒரே தடவையில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்காருவதில்லை. அலாரம் வைத்திருக்கிறேன், அடித்ததும் எழுந்து வாசல் வரை நடப்பார். இந்தத் தை மாதம் வரை என் வண்டியில் ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை. தைக் கிருத்திகை அன்று பட்டுப்புடவையோடு வந்து வாசலில் நின்றார். “ஆட்டோ கூப்பிடவாம்மா?” என்றேன். “எதுக்கு? வண்டி இருக்கே” என்றார்.

நான் சாவியை வைத்துவிட்டு, ஸ்பேனரை எடுத்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வளையத்தை நான்காவது படிக்குத் திருகினேன். இரண்டு பக்கமும். அம்மா அதை முழுசாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஸ்பீடு பிரேக்கர் வந்தது. இருபதடி முன்பே தோளில் தட்டினார். நிறுத்தினேன். இறங்கி, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதைத் தாண்டி நடந்து, அந்தப் பக்கம் போய் நின்றார். நான் மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் நிறுத்தினேன். மறுபடி ஏறிக்கொண்டார். இப்போதும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் போகிறோம்.